மாலை போட்ட கம்ப்யூட்டர்

ஓய்வுபெற்ற என்னை வழியனுப்பிவைத்த அன்று, புதிதாகச் சேர்ந்த நீங்கள் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டீர்கள். "மிஸ், எந்த பில்ட் சிஸ்டம் நல்லது?" என்பது ஒன்று. அதை முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு கேட்டீர்கள். "ஆயுத பூசைக்கு ஏன் மிஸ் செத்துப்போன கம்ப்யூட்டருக்கு மாலை போடுறோம்?" என்பது மற்றது. அதைச் சிரித்துக்கொண்டே கேட்டீர்கள். அப்போது என் வாய் நிறைய கேக். அதனால் பதில் சொல்லவில்லை. இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். இப்போது எனக்கு நேரம் நிறைய இருக்கிறது, உட்கார்ந்து கேளுங்கள்.

பதுளை பஜாரில் இரும்புக்கடைக்கு மேல்மாடியில் நாம் செய்கிற பெட்டி என்ன வேலை பார்க்கிறது என்று உங்களுக்குத் தெரியும். தேயிலைத் தொழிற்சாலையின், நம் பேச்சில் ஸ்டோரின், மாடியில் கொழுந்தை நீளத் தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்று விட்டு வாட்டுகிறார்கள். எந்தத் தொட்டிக்கு எவ்வளவு காற்று, சூடானதா குளிர்ந்ததா என்பதை ஈரத்தை அளந்து பார்த்து முடிவுசெய்வது நம் பெட்டி. உள்ளே ஓடுவது லினக்ஸ்.

முதலில் நாங்கள் கடையில் வாங்கிய சட்டை மாதிரி, யாரோ தைத்துவைத்த லினக்ஸை அப்படியே மெமரி கார்டில் ஏற்றிக் கொடுத்தோம். எங்கள் மேசையில் அது அழகாக ஓடியது. ஸ்டோரில் ஓடவில்லை. ஏனென்றால் எங்கள் மேசையில் கம்ப்யூட்டரை முறைப்படி அணைப்போம். ஸ்டோரில் தூள் அரைத்து முடிந்ததும் ஒருவர் வந்து மெயின் சுவிட்சைக் கீழே இழுப்பார், கும்பிடு போடுவார், வீட்டுக்குப் போய்விடுவார். பெட்டி கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விடும். கார்டு கெட்டுப்போகும். ஒவ்வொரு வாரமும் எங்களில் ஒருவர் சட்டைப்பையில் கார்டை வைத்துக்கொண்டு பஸ் ஏறினோம். கண்டக்டர்கள் எல்லாம் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள்.

"நாங்க இன்ஜினியர் இல்ல அக்கா, கார்ட் மாத்துற ஆளுங்க" என்றான் ரிஸ்வான்.

ரிஸ்வான் யாரென்று சொல்லவேண்டும். பதுளை டவுனில் பிறந்து வளர்ந்தவன். அவன் குடும்பத்துக்கு பஜாரில் துணிக்கடை. என்னைவிட இளையவன், என்னைவிடக் கெட்டிக்காரன். கொழும்பில் நல்ல வேலையை விட்டுவிட்டு, ஊர்ச் சாப்பாடு வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காகத் திரும்பி வந்தவன். எனக்கு அவனை அவ்வளவு பிடிக்கும்.

அவனும் நானும் சேர்ந்து முடிவெடுத்தோம். நமக்கு வேண்டியதை மட்டும் வைத்து, நம் லினக்ஸை நாமே கட்டுவோம். சிஸ்டம் இருக்கிற பகுதியில் எதுவும் எழுதவே முடியாதபடி மூடிவிடுவோம். யார் சுவிட்சை இழுத்தாலும் அது பாட்டுக்குத் தூங்கி எழும்பட்டும். அதற்கு ஒரு பில்ட் சிஸ்டம் வேண்டும். ஒவ்வொரு துண்டின் மூலநிரலையும் எடுத்து, சொன்ன வரிசையில் கோத்து, கடைசியில் கார்டில் ஏற்றக்கூடிய ஒரே இமேஜாகத் தருவது அதன் வேலை.

எங்கள் முன்னால் இரண்டு இருந்தன. ஒன்று பெரியது. எதை வேண்டுமானாலும் செய்யும். ஆனால் அடுக்கின் மேல் அடுக்கு, ஒவ்வொன்றுக்கும் தனி விதி, எங்களிடமிருந்த கம்ப்யூட்டரில் ஒருமுறை கட்டி முடிக்கப் பொழுது போய்விடும். மற்றது சிறியது. செய்யமுடியாதது நிறைய உண்டு. ஆனால் உட்கார்ந்து படித்தால் முழுவதும் புரிந்துவிடும். ரிஸ்வானுக்குப் பெரியதன் மேல் ஆசை. எனக்குச் சிறியது. பிளேன்டி குடிக்கிற தேநீர்க் கடையில் நாள்கணக்காகச் சண்டை போட்டோம். கடைக்காரர் ஒருநாள் மெல்ல வந்து, "காணிப் பிரச்சினையா மிஸ்? நல்ல லோயர் ஒருத்தர் இருக்காரு" என்றார்.

கடைசியில் நான் ஒன்றைக் கேட்டேன். "ரிஸ்வான், நான் லீவு. நீங்களும் லீவு. பெட்டி நின்னு போச்சு. மூணாவதா ஒரு ஆள் வந்து உக்காந்தா, எத பாத்து அவருக்கு வெளங்கும்?"

ரிஸ்வான் கையிலிருந்த ரோல்ஸைத் தின்று முடித்தான். "சரி, சின்னதயே எடுப்போம். ஆனா பில்ட் மெஷின நான்தான் பாத்துக்குவேன்."

பிள்ளைகளே, பெரியதை எடுப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. நாளைக்கு நம் பெட்டி பத்து விதமாகப் பெருகினால் நீங்கள் அதற்கே போகவேண்டியிருக்கும், தாராளமாகப் போங்கள். ஆனால் தேர்ந்தெடுக்கும்போது அது என்னவெல்லாம் செய்யும் என்ற பட்டியலை மட்டும் பார்க்காதீர்கள். அது உடைகிற அன்று யார் அதன் முன்னால் உட்கார்ந்திருப்பார் என்று பாருங்கள். நாங்கள் அதைச் சரியாகத்தான் யோசித்தோம். ஆனால் அந்தப் பேச்சின் கடைசி வாக்கியத்தில் கோட்டைவிட்டோம்.

ரிஸ்வான் தேடித்தேடிச் சாமான் வாங்கிப் பொருத்தி ஒரு கம்ப்யூட்டரைப் பூட்டினான். ஜன்னலோரமாக வைத்து அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயரும் வைத்தான். இமேஜ் வேண்டுமா, மாப்பிள்ளையிடம் கேளுங்கள். ஏதாவது பிழை வந்தால் ரிஸ்வான் அதன் முன் குனிந்து கையாலேயே ஒரு சின்ன வேலை பார்ப்பான், சரியாகிவிடும். வருடக்கணக்கில் இப்படியே ஓடியது. எல்லா ஸ்டோரிலும் பெட்டிகள் சமர்த்தாக இருந்தன. அந்தச் சின்ன வேலைகள் என்னென்ன என்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றாத அளவுக்கு எல்லாம் நன்றாக நடந்தது.

இப்போது ஆயுத பூசைக்கு வருவோம்.

நம் ஐயா எவ்வளவு பக்தியானவர் என்று உங்களுக்குத் தெரியும். முதலாளி என்றாலும், பூசைக்கு முதல்நாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டிரில் மெஷின், ஈயம் பற்றவைக்கிற கருவி, ஸ்க்ரூ டிரைவர் எல்லாவற்றையும் தன் கையாலேயே துடைப்பார். அந்த வருடம் அவர் துடைத்துக்கொண்டிருந்தபோது ரிஸ்வான் வந்து நின்றான்.

"ஐயா, எங்கட மாப்பிள்ளைக்கு மால இல்லயா? அவன்தானே இங்க கூட ஒழைக்கிறவன்."

ஐயாவுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. மறுநாள் காலை பூசையில் சரஸ்வதி படத்துக்குப் பக்கத்தில், நடு இடத்தில், செவ்வந்தி மாலையோடு மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தது. நெற்றியில் சந்தனம், குங்குமம். சாம்பிராணி காட்டி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, எல்லாருக்கும் சுண்டலும் சர்க்கரை போட்ட அவலும் கொடுத்துவிட்டு, "நாளைக்கு விடியக்காலம் நான் வந்து எடுத்துக் குடுப்பேன். அதுவரைக்கும் யாரும் கை வைக்கப்படாது" என்று சொல்லி ஐயா பண்டாரவளைக்கு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். வெளியே நல்ல மழை.

அப்போதுதான் தனலட்சுமி போனில் கூப்பிட்டாள்.

தனம், தெமோதரைக்கு மேலே ஒரு தோட்டத்து ஸ்டோரில் டீமேக்கர், தூள் தயாரிப்பு முழுவதும் அவள் பொறுப்பு. அம்மா அதே தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். பழைய டீமேக்கர் ஓய்வு பெற்றதும், தோட்டத்து மேனேஜரான தொரை இவளைத் தற்காலிகமாகப் போட்டுப் பார்த்தார். பொம்பளையால் ஸ்டோரை ஓட்ட முடியுமா என்று வெளியே பேசாத ஆளில்லை. கொழுந்து கூடுகிற இந்த மாதங்கள்தான் அவளுக்குப் பரீட்சை. ஒரு நாள் கொழுந்து புளித்துப்போனால் போதும், வேலை இன்னொருவருக்குப் போய்விடும். அவளே என்னிடம் இதைச் சொல்லியிருந்தாள்.

"அக்கா, பெட்டி ஒண்ணுமே பேச மாட்டேங்குது. சென்சர் இல்லைன்னே காட்டுது."

பூசை நாளில் புதுச் சாமான் பூட்டுவது தோட்டத்து வழக்கம். துருவேறிச் செத்துக்கொண்டிருந்த, ஈரம் அளக்கிற பழைய சென்சர்களைக் கழற்றி எறிந்துவிட்டு, நாங்கள் அனுப்பிய புதியவற்றைச் சாமி முன்னால் வைத்து, தேங்காய் உடைத்து, பூட்டிவிட்டாள். அதன் பிறகுதான் பெட்டி ஊமையானது.

ரிஸ்வான் என் கையிலிருந்து போனை வாங்கினான். "தங்கச்சி, சென்சருக்குப் பொட்டு வச்சீங்களா?"

"வச்சோம்ங்க. எல்லாத்துக்கும்தானே வச்சோம்."

"தொடைங்க."

துடைத்தாள். ஒன்றும் மாறவில்லை. மூடியைக் கழற்றி, உள்ளே சில்லின் மேல் எழுதியிருப்பதை எழுத்தெழுத்தாக வாசிக்கச் சொன்னான். வாசித்தாள். ரிஸ்வான் முகம் விழுந்தது. வெளியே அதே பெயர், அதே நிறம், உள்ளே வேறு சில்லு. விற்றவன் எங்களுக்குச் சொல்லவே இல்லை. அந்தச் சில்லோடு பேசுகிற டிரைவர் நம் இமேஜில் இல்லை. வேண்டியதை மட்டும் வைத்துக் கட்டுவதன் விலை அதுதான். ஒரே ஒரு வரியை மாற்றி, இமேஜைத் திரும்பக் கட்டினால் போதும்.

"தனம், கையால ஓட்டலாமா?" என்று கேட்டேன்.

"ஓட்டலாம்க்கா. நானும் ரெண்டு பேரும் தொட்டி தொட்டியா போயி, கைய விட்டுப் பாத்து, காத்த மாத்தி விடுறோம். ஆனா மழக் கொழுந்து, ஈரம் சொட்டுது. இன்னும் லொறியில வருது. இருட்டினா ஆளுங்க போயிருவாங்க. அதுக்கப்புறம் என்னால ஒத்தையா ஏலாது."

போனை வைத்தேன். இருவரும் திரும்பி மாப்பிள்ளையைப் பார்த்தோம். அது மாலையும் சந்தனமுமாகக் கல்யாண வீட்டில் இருப்பதுபோல உட்கார்ந்திருந்தது.

நான் எழுந்தேன். "சரஸ்வதி கோவிக்க மாட்டா. நான் எடுக்கிறேன்."

ரிஸ்வான் குறுக்கே வந்து நின்றான். "வேணாம் அக்கா."

"என்ன வேணாம்? அங்க ஒரு பிள்ளையோட வேல போகப் போகுது."

"வெளங்குது. ஆனா இத நான்தான் கேட்டு வச்சேன். உங்கட சாமிக்குக் குடுத்தா, நாளைக்குக் காலைல வரைக்கும் அது என்ட மெஷின் இல்ல. ஐயா நம்பிட்டுப் போயிருக்கார். நான் அதுல கை வைக்க மாட்டேன். உங்களையும் வைக்க விட மாட்டேன்."

கோவிலுக்குப் போய்வருகிற நான் எடுக்கலாம் என்கிறேன், பள்ளிவாசலுக்குப் போய்வருகிற அவன் கூடாது என்கிறான். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும், வேறொருவர் நம்பிக்கையை அவ்வளவு பத்திரமாகக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற ஒருவனை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பெருமையாகவும் இருந்தது, அறையவேண்டும் போலவும் இருந்தது.

"அப்ப என்ன செய்யச் சொல்றீங்க?"

"உங்கட லெப்டொப் எங்க?"

நல்லவேளை, அதைப் பூசையில் வைக்க நான் மறந்திருந்தேன். பையிலேயே கிடந்தது.

அதைத் தரையில் வைத்து, மாப்பிள்ளையின் முன்னாலேயே பாயில் உட்கார்ந்தோம். நம் நிரல்களின் பொதுப் பிரதி இணையத்தில் இருந்தது, அதை இறக்கினோம். மழைக்கு லைன் அறுந்திருந்ததால் போனில்தான் இன்டர்நெட். பில்ட் போட்டேன். உடனே பிழை.

ரிஸ்வான் எட்டிப் பார்த்தான். "ஆ... இந்த எடத்துல நான் ஒரு சின்ன வேல பாத்தேன்."

"என்ன வேல?"

சொன்னான். தட்டினேன். அது தாண்டியது. அடுத்த பிழை.

"இதுலயும் ஒரு சின்ன வேல இரிக்கு."

ஒரு பழைய கருவியைப் புதியதாக்காமல் பிடித்துவைத்திருந்தான். ஒரு கோப்பின் பெயரை மாற்றியிருந்தான். இணையத்தில் இருந்தே மறைந்துவிட்ட ஒரு துண்டை எப்போதோ இறக்கி மாப்பிள்ளைக்குள் பத்திரப்படுத்தியிருந்தான். அதை மட்டும் எங்கே எடுப்பது என்று பதறினோம். கடைசியில் கொழும்பில் இருந்த அவனுடைய பழைய நண்பன் ஒருவன் தேடி அனுப்பினான். ஒவ்வொரு சின்ன வேலையையும் நான் ஒரு வரியாக எழுதி, பில்டிலேயே சேர்த்துக்கொண்டு போனேன். முதலில் ரிஸ்வான் வெட்கப்பட்டான். பிறகு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இன்னும் எத்தன சின்ன வேல ரிஸ்வான்?" என்று நான் கத்த, "அக்கா, சுண்டல் சாப்பிடுங்க, ஞாபகம் வருது" என்று அவன் தட்டை நீட்ட, விசைப்பலகை முழுக்க அவலும் சர்க்கரையும் ஒட்டிக்கொண்டன. என் பணிக்காலத்திலேயே அவ்வளவு பயந்த நாளும் அவ்வளவு சிரித்த நாளும் அதுதான்.

இடையில் தனம் கூப்பிட்டாள். "கொழுந்து இன்னும் சூடேறலக்கா. ஆனா கால் ஓஞ்சு போச்சு."

"வந்துகிட்டு இருக்கோம்" என்றேன். அப்போது லெப்டொப்பில் பாதிகூடத் தாண்டவில்லை.

இமேஜ் கட்டி முடிந்தபோது ரிஸ்வானுக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. "அக்கா, இவ்வளவு தூரம் வந்துட்டோம், கேர்னலையும் புதுசாக்கிருவோமா? ரொம்ப நாளா நெனச்சது." லினக்ஸின் உயிர்நாடியே அந்தக் கேர்னல்தான்; கூடாது என்றேன். அங்கே உடைந்திருப்பது ஒன்று. அதை மட்டும் தொடுவோம். நெருக்கடி நேரத்தில் இரண்டை மாற்றினால், திரும்பவும் நின்றுபோகும்போது எதனால் என்று தெரியாது. தனத்துக்கு அனுப்பியது போக அதே பார்சலில் மிஞ்சியிருந்த ஒரு சென்சரை, சோதனைக்காக மேசையில் வைத்திருந்த பெட்டியில் பூட்டினோம். ஓடவேண்டும் என்று கால் துடித்தது. ஆனாலும் உட்கார்ந்து சோதித்தோம். ரிஸ்வான் சென்சரின் மேல் வாயால் ஊதினான். திரையில் ஈரம் ஏறியது. இருவரும் குழந்தைகள் மாதிரி கைதட்டினோம்.

த்ரீவீல் ஆட்டோவில் மழையோடு மழையாக மேலே போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. ஸ்டோர் மாடியில் தனம் நின்றுகொண்டிருந்தாள். முழங்கை வரை கொழுந்து ஒட்டியிருந்தது. அவளுடைய இரண்டு ஆட்களும் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போக ஆயத்தமாக இருந்தார்கள். கார்டை மாற்றினோம். பெட்டி கண் விழித்தது. ஒவ்வொரு தொட்டியாக எண்கள் வந்தன. முதல் காற்றாடி தானாகச் சுற்றத் தொடங்கியது, பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. தனம் சத்தம் போட்டுச் சிரித்தாள், அப்படியே அழுதாள். மழைக்கோட்டுக்காரர்களில் ஒருவர் ஓடிப்போய் இன்னொரு தேங்காய் கொண்டுவந்து உடைத்தார். அந்தக் கொழுந்து நல்ல தூளாகவே இறங்கியது. வருட முடிவில் அவள் வேலை நிரந்தரமானது.

கதை இதோடு முடிந்திருந்தால் நீங்கள் செத்த கம்ப்யூட்டருக்கு மாலை போடவேண்டியிருக்காது.

மறுநாள் காலை ஐயா சொன்னபடி வந்தார். கற்பூரம் காட்டி, மாப்பிள்ளையைத் தன் கையால் தூக்கி ஜன்னலோரம் வைத்தார். நடந்ததை நாங்கள் சொன்னதும், கை வைக்காமல் இருந்ததற்காக ரிஸ்வானைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ரிஸ்வான் சுவிட்சைப் போட்டான். 'டப்' என்று ஒரு சத்தம். லேசாகப் புகை. அவ்வளவுதான்.

பக்கவாட்டு மூடியைக் கழற்றினோம். உள்ளே பலகையெங்கும் மஞ்சள் சொட்டுகள். பதுளை மழைக்குளிரில் ஒன்றும் காய்ந்திருக்கவில்லை.

ஐயா மெல்லச் சொன்னார். "வெளிய மட்டும் தெளிச்சா போதுமான்னு நெனச்சேன்ப்பா. ஒழைக்கிறது உள்ளதானேன்னு... காத்துப் போற ஓட்ட வழியா உள்ளயும் கொஞ்சம்."

டிஸ்க்கும் எழும்பவில்லை. யோசித்துப் பாருங்கள். முதல்நாள் நான் பிடிவாதமாக அதை எடுத்துச் சுவிட்சைப் போட்டிருந்தால், அந்த 'டப்' அப்போதே கேட்டிருக்கும். தனத்துக்கு இமேஜும் கிடைத்திருக்காது. நம்பியிருந்த மெஷின் கண் முன்னால் புகைந்தால், பாயில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்தும் நிதானம் எங்களுக்கு வந்திருக்குமா என்பதும் சந்தேகம். ரிஸ்வான் சுவரில் இருந்த சரஸ்வதி படத்தையும் மாப்பிள்ளையையும் மாறிமாறிப் பார்த்தான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். "அக்கா, உங்கட சாமி நல்ல இன்ஜினியர். ஒரே மெஷின்ல எல்லாத்தயும் வைக்காதீங்கன்னு செல்லியிருக்கு."

அன்றிலிருந்துதான் இந்த வழக்கம். ஆயுத பூசைக்கு முந்தைய வாரம், நம்மிடம் கடைசியாகச் சேர்ந்தவர்கள், இதுவரை நம் நிரல் எதுவுமே ஏறாத ஒரு கம்ப்யூட்டரை எடுத்து, யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் இமேஜைக் கட்டவேண்டும். இடையில் நின்று யாரையாவது கேட்கவேண்டி வந்தால், அது கட்டுகிறவர்களின் தோல்வி அல்ல, எங்கோ இன்னொரு சின்ன வேலை ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். அதைத் தேடி எழுதிச் சேர்த்த பிறகுதான் செத்துப்போன மாப்பிள்ளைக்கு மாலை. பூசை அன்று சாயங்காலத்துக்குள் தனம் அனுப்பும் தேயிலைப் பொட்டலமும் வந்துவிடும். அந்த வருடக் கொழுந்தில் அவளே பொறுக்கியெடுத்த தூள்.

இந்த வருடம் உங்கள் முறை. ரிஸ்வான் பக்கத்து மேசையில் உட்கார்ந்து உங்களை வேடிக்கை பார்ப்பான், பதில் சொல்லமாட்டான். பயப்படாதீர்கள். சுண்டலுக்கு நான் கட்டாயம் வருவேன், வரும்போது மாலையும் வாங்கி வருகிறேன். நீங்கள் இமேஜைக் கட்டி வையுங்கள். மஞ்சள் தண்ணீர்ச் செம்பை மட்டும் ஐயாவின் கையில் கொடுத்துவிடாதீர்கள்.